இலவசமாக வந்த தக்காளிக் கூடை

தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகிற பஸ்ஸில்தான் அந்த யோசனை பளிச்சென்று தோன்றியது. போனில் ஏதோ ஒரு வெளிநாட்டு மியூசியத்தின் பக்கம். பழைய ஓவியம் ஒன்று: மேஜைமேல் சாய்ந்து கிடக்கும் கூடை, சரிந்து உருளும் தக்காளி. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், பாடம் நடத்தலாம், எல்லாம் இலவசம் என்று கீழே போட்டிருந்தது. விரலால் பெரிதாக்கினேன். தூரிகை இழுத்த கோடுகூடத் தெரிந்தது! ஒன்பதாம் வகுப்புக்கு இதைக் கொண்டுபோனால்? நிமிர்ந்து பார்த்தால் என் ஸ்டாப் எப்போதோ போயிருந்தது.

பள்ளியில் நான் புதிதாகச் சேர்ந்த தமிழ் டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் கதைக்கும் படத்துக்கும் என்று கேட்டு வாங்கியிருந்தேன். மூன்று வாரமாகப் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. "இந்த வாரமும் யாரும் ஒரு பக்கம் எழுதலன்னா, அந்தப் பீரியட கணக்குக்குக் குடுத்துடுவேன்மா" என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார்.

கலர் பிரிண்ட் கடைக்காரர், "கேசு கீசு எதும் வராதுங்களே?" என்று இழுத்தார்.

"அவங்களே எடுத்துக்கச் சொல்லிட்டாங்கண்ணா!"

படத்தைக் கரும்பலகையில் ஒட்டி, "இதப் பாத்தா மனசுல என்ன தோணுது?" என்றேன். பாதிப் பேர் குனிந்து நோட்டைப் புரட்டினார்கள். போச்சு, கணக்குதான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மிஸ், அடுக்குனவனுக்கு வேல தெரியல."

"ஏன்?"

"பழுத்தத அடியில போட்டு, செங்காய மேல வச்சிருக்கான். மார்க்கெட் போறதுக்குள்ள கூழாயிடும்."

"அது விக்கறதுக்கு இல்ல, வூட்டுக்கு" என்றான் முன்பெஞ்சுக்காரன். "பூனை தட்டி விட்டிருக்கும்."

"ஒங்க வூட்டுப் பூனை தக்காளி திங்குமாடா?"

அவ்வளவுதான். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். தக்காளி விளைகிற ஊரில் தக்காளியோடு வளர்ந்த பிள்ளைகளிடம் தக்காளியைக் காட்டிவிட்டு மனசை விசாரித்த என்னை என்ன சொல்ல! "இந்தச் சண்டைய அப்படியே எழுதுங்க" என்றேன். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

தாள்களைப் படித்த ஹெச்.எம். சிரித்துவிட்டார். "பூனைக்கு மட்டும் ரெண்டு பக்கமா? சரி, வெள்ளிக்கிழமைய நீங்களே வச்சுக்கங்க."

அந்தக் கடைசி பெஞ்சுக்காரி ஹெச்.எம். அறை வாசலிலேயே நின்றிருந்தாள். "நாங்க சரியா அடுக்கி வரைஞ்சா, அதையும் யாராவது சும்மா எடுத்துக்கலாமா மிஸ்?"

எடுத்துக்கலாமே! இணையத்தில் படம் ஏற்றுகிற விதிகளைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை பழமும் செங்காயும் கலந்து ஒரு கூடை வகுப்புக்கு வருகிறது. அடுக்கப்போவது அவர்கள், வரையப்போவதும் அவர்கள். முகம் தெரியாத ஏதோ ஒரு டீச்சர் அந்தப் படத்தை இறக்கி, தன் கரும்பலகையில் ஒட்டிப் பார்க்கட்டும்.