மேட்டூர் லாஞ்சிக்கு ஒரு கியர்

கொல்லிமலையில் படகு என்ன, பரிசல்கூட ஓடாது. அந்த மலையின் தேவனூர் நாட்டில் பிறந்த அண்ணாமலைதான், மேட்டூரில் அணை கட்டித் தண்ணீர் நிறைந்த சில வருஷங்களில், அக்கரைக்குப் போகும் மோட்டார் படகான லாஞ்சிக்கு எஞ்சின்காரராக வந்து நின்றார். அதற்கு முன் ஏற்காட்டு மலைரோட்டில் லாரி ஓட்டியவர். எந்த எஞ்சினும் தன் கைக்கு அடங்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

சந்தேகம் மனைவி பாவாயிக்குத்தான். சாமை அறுப்பு முடிந்து மலையிறங்கி வந்தவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்:

"ஏனுங்க, இந்த லாஞ்சி பாரத்தோட அக்கரை போய்ச் சேர்ந்தா நானும் இங்கயே குடியிருக்கறேன். இல்லீன்னா நீங்க என்கூட மலையேறிடோணும். ஊடு ஒண்ணா, ரெண்டா?"

லாஞ்சியின் குறை ஊரறிந்தது. ஆளில்லாமல் பறக்கும். மூட்டையும் சனமும் ஏறிவிட்டால் எஞ்சின் அலறும். படகைத் தள்ளவேண்டிய விசிறி தண்ணீருக்குள் நுரை கடையும். படகு ஊர்ந்துகூடப் போகாது.

"ஏத்தத்துல பாரம் இழுக்கோணும்னா கியரைக் குறைக்கோணுமுங்க" என்று முதலாளி வெங்கிடுசாமியிடம் அடித்துச் சொன்னார் அண்ணாமலை. எஞ்சின் மூன்று சுற்றுச் சுற்றினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றும்படியான பல்சக்கரப் பெட்டியை வாங்கி மாட்டினார்கள்.

எஞ்சின் நோகாமல் ஓடியது. படகு கரையோரமே கிடந்தது.

"ஏப்பா மலைக்காரா, தண்ணியில மேட்டை எங்கப்பா கண்டே?" என்றார் ஏறியிருந்த ஒருவர்.

"நாங்க எறங்கித் தள்ளட்டுமா?" என்றார் இன்னொருவர்.

பாவாயி தன் துணி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இரு புள்ள" என்று அண்ணாமலை தண்ணீரில் குதித்து விசிறியைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குத்தான் அதன் இலைகள். லாரிச் சக்கரத்துக்கு அடியில் ரோடு அசையாமல் நிற்கும். மெதுவாகச் சுற்றினாலும் பிடித்து ஏறிவிடலாம். தண்ணீர் நழுவும். ஊரில் கல்லுக் கொல்லையைக் கிளறச் சின்னக் களைக்கொத்து போதும். பள்ளத்து நெல்வயலில் சேற்றை வார அகன்ற மண்வெட்டி வேண்டும். இங்கே அவர் கொத்தைக் கொண்டு சேறு வாரியிருக்கிறார், அதுவும் மெதுவாக.

"முதலாளி, கியரை மட்டும் மாத்துனது என் தப்புங்க. மெதுவாச் சுத்தற விசிறி பெருசா இருக்கோணும்."

"அப்பப் பெருசா மாட்டு."

"இந்தப் பெட்டிக்குத் தக்க விசிறி படகுக்கு அடியில இடிக்குமுங்க. எஞ்சின் ரெண்டு சுத்துக்கு விசிறி ஒண்ணு சுத்தற பெட்டி போதும். அதுக்குண்டான விசிறி அடங்கும்."

"அதுவும் ஓடலீன்னா?"

"ஓடுமுங்க. ஓடலீன்னா வேற ஆளை வெச்சுக்குங்க." பாவாயி பக்கம் திரும்பாமலே சொன்னார்.

புதுப் பெட்டியும் விசிறியும் மாட்டிய சந்தை நாளில் லாஞ்சி நிறையச் சோளமூட்டை, ஆடு, சனம். பாவாயி அவர்கள் நடுவே ஏறி உட்கார்ந்தாள். எஞ்சினை முடுக்கியதும் நுரை கிளம்பவில்லை. தண்ணீர் வடம் முறுக்கியதுபோலத் திரண்டு பின்னால் ஓடியது. கரை விலகியது. நடுவில் எதிர்க்காற்று அடித்தபோதும் லாஞ்சி தயங்கவில்லை. வெறும் படகாகப் பறந்த பழைய வேகம் இனி வராதுதான். யாரும் அதைக் கேட்கவுமில்லை.

அக்கரையில் இறங்கிய பாவாயி சேலையை உதறிக்கொண்டாள்.

"ஏனுங்க, நாம குடியிருக்கப் போடற குடிசைக்கு வாசல் காத்தடிக்கற பக்கம் வேண்டாம். அடுப்பு நின்னு எரியாது."

"வேற எந்தப் பக்கம் வெக்கறது?"

"நீங்க எஞ்சினைப் பாருங்க. அதை நான் பாத்துக்கறேன்."