கொழுந்து வாடும் வாசம்

பதுளையில் கற்பித்தல் பயிற்சிக்குப் போன பாடசாலையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் ஆவியாதல். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவள் வேறென்ன சொல்வேன்? தேயிலைத் தொழிற்சாலை மாடியில் பரப்பிய கொழுந்து, காற்றில் ஈரம் போய் வாடுவதைச் சொன்னேன். "அந்த வாசம் லயத்து வீடு வரைக்கும் வருமே, தெரியும்தானே?" என்றேன். நகரத்துப் பிள்ளைகள் விழித்தார்கள். என்னைக் கவனிக்க வந்திருந்த விரிவுரையாளர், "ஈரத்துணி காயிறதைச் சொல்லுங்க, போதும்" என்றார். எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஈரத்துணியைச் சொல்லித்தான் பாடத்தை முடித்தேன்.

இப்போது அதே நகரத்தில் விஞ்ஞான ஆசிரியை நான். ஒவ்வொரு வருடமும் ஈரத்துணியைச் சொல்லிவிட்டு, "வேற உதாரணம்?" என்று கேட்டுக் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருக்கிறேன். துடைத்த தரை, குளித்த தலை, மழை விட்ட தெரு என்கிறார்கள்.

எல்லாமே சரியான விடைகள். ஒன்றில்கூட அந்த வாசம் இல்லை.