ஈரத் துணியும் தேவதாருச் சுவரும்

கினுவே பூசிய சுவர் வெளுத்துப்போச்சு என்று ஊரே சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபது வருடம் அவளுக்கு ஏணி பிடித்தவன், வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

ஜப்பானில் அகிதா மலைப்பக்கம் எங்கள் ஊர். போன வருடம் கட்டிய ஊர்மண்டபம் முழுக்கத் தேவதாருப் பலகை. தீத்தடுப்புப் பூச்சு இல்லாமல் திறக்க அனுமதி கிடையாது. அந்த வேலை எங்களூர்ப் பெயிண்டர்களில் ஒரே பெண்ணான கினுவேக்கு வந்தது. வயது ஐம்பத்து மூன்று; வேலை என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

மேல்பூச்சும் வேண்டும் என்றுதான் கேட்டாள். "தீப்பூச்சுல உப்பு இருக்கு. தண்ணி பட்டா கரைஞ்சு வெளிய வந்துடும். மேல ஒரு சட்டை போட்டாத்தான் நிக்கும்."

ஊர்த்தலைவர் ஓனோதெரா மசியவில்லை. "மரத்துக்குன்னு ஒரு முகம் இருக்கு. அதுல எதையாவது தடவிப் பளபளன்னு ஆக்காத. கூரை இறவாரம் இவ்ளோ அகலமா வெளிய நீண்டிருக்கே, மழை எங்க படப்போகுது?"

வெறும் மரத்தின்மேல் எங்கள் ஊருக்கு அத்தனை மோகம். பிடிவாதக்காரி அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுத்தாள்.

மே மாதக் கடைசியில் சுவரில் வெள்ளைப் பொடி. தலைவர் கூட்டம் போட்டார். ஜூலையில் தீயணைப்பு அதிகாரி வந்து ஒரு பலகையைச் சோதிப்பார். தேறாவிட்டால் தகரம் அடித்து மூடிவிடலாம் என்று முடிவானது. அப்படி மூடினால் கினுவேயிடம் ஒரு கதவைக்கூட எவனும் பூசக் கொடுக்கமாட்டான்.

அவள் அளவுநாடாவோடு சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "மழை மேலேருந்துதானே வரும்? மேல சுத்தமா இருக்கு. கீழ மட்டும் ஏன் வெளுத்திருக்கு? அதுவும் சரியா என் கை எட்டுற வரைக்கும்."

"தரையிலேருந்து தெறிச்சிருக்கும்" என்றேன்.

"ஆறடிக்குத் தெறிக்க இங்க என்ன அருவியா கொட்டுது?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு அங்கே போனோம். ஏப்ரன் கட்டிய எட்டுப் பெண்கள், வாளிகள், ஈரத் துணிகள். சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் தலைவரின் மனைவி தோகி.

"வா கினுவே. உன் சுவர் அழுக்கைக் கக்கிக்கிட்டே இருக்கு. தேய்ச்சா மறுநாளே திரும்ப வந்து நிக்குது."

"எப்பலேருந்துக்கா தேய்க்கிறீங்க?"

"மண்டபம் திறந்த நாள்லேருந்து. ஊர்ச்சொத்துல தூசி இருந்தா நமக்குத்தானே கேவலம்?"

கினுவே வாளியோரம் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "அக்கா, அது அழுக்கில்ல. தீயைத் தடுக்குற மருந்து. அதைத்தான் தினம் தேய்ச்சு வாளியில கரைச்சிருக்கீங்க. மேல்பூச்சு போட்டிருந்தா கரைஞ்சிருக்காது."

தோகி கையிலிருந்த துணியைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "மேல்பூச்சு வேண்டாம்னது யாரு, எங்க வீட்டு மனுஷனா? நான் பேசிக்கிறேன்."

என்ன பேசினாரோ, மறுநாள் தலைவரே வந்து, "பளபளக்காத மேல்பூச்சுன்னு ஒண்ணு இருக்காமே?" என்று இழுத்தார்.

மூன்று வாரம் வேலை. உப்பைத் துடைத்து, இழைத்து, மின்விசிறி வைத்து உலர்த்தினோம். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியின் முள் இறங்கும்வரை தூரிகையைத் தொட விடமாட்டாள். பிறகு தீப்பூச்சு, அதன்மேல் இரண்டு தடவை மேல்பூச்சு. பலகைகளின் அடிமுனைக்கு மட்டும் மூன்று தடவை. மரம் தண்ணீர் குடிக்கும் வாய் அதுதான்.

சோதனை நாளில் ஊரே கூடியது. தலைவரே ஒரு பலகையைக் காட்டினார். அதிகாரி அதைக் கழற்றி முற்றத்தில் வைத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் கினுவே. "அக்கா, உங்க ஆளுங்களக் கூப்பிடுங்க. வழக்கம்போல தேய்ங்க. இரக்கமே காட்டாதீங்க."

எட்டுப் பெண்களும் அரை மணி நேரம் மாறிமாறித் தேய்த்தார்கள். தோகியின் துணியில் துளி வெள்ளை இல்லை. பிறகு அதிகாரி நெருப்பை நேராகக் காட்டினார். பூச்சு கருத்துப் பொரிபோல உப்பியது. தீ ஓரங்குலமும் நகரவில்லை. பத்து நிமிடம் கழித்து அவர் கரியைச் சுரண்ட, அடியில் மரம் புதிதாக மஞ்சளித்துக் கிடந்தது. "தேறிடுச்சு" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

முன்கூட்டியே வந்திறங்கிய தகரம் தலைவரின் கோழிக்கூட்டுக்குக் கூரையானது. அந்த வாரமே கினுவேக்கு மூன்று வீட்டு வேலை வந்தது. முதல் வீட்டு வாசலில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏணியப் பிடி. இந்தத் தடவை வாயையும் சேர்த்துப் பிடிச்சுக்க."