திட்டு என்று எழுதினேன்

எங்கள் பக்கத்தில் திட்டு என்றால் வெள்ளத்தில் மூழ்காத மேட்டு நிலம். காரைக்காலில் நில அளவைக்காரனாக வேலை பார்த்த நான், அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கெட்டேன்.

வீடில்லாதவர்களுக்கு இலவச மனைப்பட்டா கொடுக்க இடம் தேடச் சொன்னார்கள். வரிச்சிக்குடி போகும் வழியில் இருந்த ஓர் அரசு நிலத்துக்குப் பழைய பதிவேட்டில் திட்டு என்று பெயர். பங்குனி வெயிலில் போய்ப் பார்த்தேன். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீர் நின்று காய்ந்த களிமண்தான் அப்படி வெடிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் தாகம், எரிச்சல், வீட்டுக்குப் போகும் அவசரம். “மேட்டு நிலம், நீர் தேங்காது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

திட்டை எப்போதோ வெட்டி, லாரி லாரியாக மண்ணை ஏற்றிப்போய் நகரத்து மனைகளை உயர்த்தியிருந்தார்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் மிச்சமிருந்தது.

எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கிய அம்மாவும் பட்டாவுக்கு மனுப் போட்டிருந்தார். கணவர் இல்லை. மகளோடு ஒற்றை அறையில் குடியிருந்தார். வாடகை ஏறும்போதெல்லாம் சந்து மாறுவார். ஒருநாள் என் மேசையைத் துடைத்துக்கொண்டே, “அங்க தண்ணி ஏறுமுங்களா சார்?” என்று கேட்டார்.

“பேரே திட்டும்மா. பயப்படாதீங்க” என்றேன்.

இத்தனைக்கும் பேருந்து நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில், நல்ல மேட்டில், அரசு இடம் ஒன்று முள் மண்டிக் கிடந்தது. அங்கே மாடி வீடுகளாகக் கட்டினால் அத்தனை குடும்பமும் அடங்கும் என்று கூட்டத்தில் ஒரு பொறியாளர் சொன்னார். நல்ல விலை போகிற இடத்தை இவர்களுக்கா என்று மேலதிகாரி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். பிரான்சிலும் வளைகுடாவிலும் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் தெருவுக்குத் தெரு நிற்கிற ஊரில், வீடில்லாதவர்களைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் வைத்தோம். யாருக்கு எந்த நிலம் என்று பேசினோமே தவிர, மழைத் தண்ணீருக்கு எந்த நிலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போதோ ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டுகிறது.

அந்த அம்மா மனையில் வீடு கட்டிக் குடிபோனார். முதல் ஐப்பசியிலேயே முழங்கால் தண்ணீர். அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தாலே கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றிவிடுவாராம். வடிகால் வெட்டித் தரும்படி அங்கிருந்தவர்கள் எல்லாரும் மனுக் கொடுத்தார்கள். பதிவின்படி அது நீர் தேங்காத நிலம், ஆகவே வடிகால் தேவையில்லை என்று பதில் வந்தது. நான் எழுதிய வரிதான்.

போன கார்த்திகையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வு பெற்றுவிட்டிருந்தேன். புடவை ஓரமெல்லாம் சேறு. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம்.

“நீங்கதானே சார் வந்து பாத்தீங்க. இப்ப தண்ணி நிக்கிதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மனுவோட வச்சுக் குடுக்குறேன்.”

“ரிடையர் ஆயிட்டேம்மா. இனிமே என் எழுத்து செல்லாது.”

அப்படியே நம்பினார். தொந்தரவு கொடுத்துவிட்டதாக அவர்தான் வருத்தப்பட்டார். காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். பேருந்து போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

என் எழுத்து செல்லும். எழுதியவனே பிழை என்று ஒப்புக்கொண்டால் அந்த மனுவை அவ்வளவு லேசில் தள்ளிவிட முடியாது. விசாரணை வரும், ஓய்வூதியத்தில் கைவைப்பார்கள் என்று பயந்தேன். வெட்கமாக இருக்கிறது. அவர் கேட்டது ஒரே ஒரு வரி. இங்கே இவ்வளவு எழுதிவிட்டேன், அதை மட்டும் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.