புலி வருடத்துச் சித்தி

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கிம்ஹோங் சிப்பிக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். பெண் உட்காரும் உயரமான நாற்காலிதான். அதற்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. தரையில் வைத்தால் இரண்டு முறை தட்டும். அடியில் செருகுவதற்கு அட்டையை மடித்து நேற்றே அலமாரியில் வைத்திருந்தாள். யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

"வாசலைப் பாத்துப் போடுங்க," என்று கல்யாணத் தரகர் சாயம்மாவின் குரல் அதட்டியது. "உள்பக்கம் பாத்துப் பொண்ணு உக்காந்தா மாப்பிள்ளை இந்த வீட்டோடயே வந்துருவாரு. அப்புறம் சம்பந்தியம்மா என் முடியைப் பிடிச்சு ஆட்டிருவாங்க."

கூடமே சிரித்தது. பெண் வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் அவள் முதுகு சமையலறைப் பக்கம் இருக்கும். நடுவில் ஒரு நீலத் துணித்திரைதான். அதை விலக்கினாலும் முதுகுதான் தெரியும். ஆனால் கிம்ஹோங் அதை விலக்கப்போவதில்லை.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. பன்னிரண்டு மிருக வருடங்களில் புலி வருடத்தில் பிறந்தவள். புலி வருடக்காரர்கள் நிச்சயத்தன்று பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூடாது, மோதிரம் போடும் இடத்தில் நிற்கக் கூடாது. மீறினால் அந்தப் பெண்ணுக்கு ஆகாது. எங்கள் பூடாய் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் கிம்ஹோங் தானாகவே அடுப்படிக்குப் போய்விடுவாள். கழுவிய பாத்திரங்களுக்குக் கணக்கில்லை. பார்த்த மணப்பெண் ஒருத்தி கூட இல்லை. முப்பத்திரண்டாம் வயதில் அவளுக்கே ஒரு வரன் வந்தது. அதே மாதம்தான் அக்கா மேயிங்கின் கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனான். அக்கா ஜப்பானில் ஓட்டல் வேலை என்று ஒசாகாவுக்குக் கிளம்பினாள். ஐந்து வயது யாவென்னைத் தங்கை மடியில் உட்கார்த்தி, "ரெண்டே வருஷம்" என்றாள். வரன் வீட்டார் குழந்தையைப் பார்த்துவிட்டு மறுபடி வரவில்லை. மேயிங் அங்கேயே வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டாள். கடிதங்கள் நாலைந்து வருடம் வந்தன. பிறகு அதுவும் இல்லை.

இருபத்திரண்டு வருடம் கிம்ஹோங் சிப்பி உரித்து அந்தப் பெண்ணை வளர்த்தாள். இன்று அந்த யாவென்னுக்கு நிச்சயதார்த்தம்.

இரண்டு மாதமாக அவளுக்கு ஒரு நாள்கூட முழுத் தூக்கம் இல்லை. தெருவை அடைத்துப் பந்தல், பன்னிரண்டு மேசை, சமையல்காரனோடு மீனா நண்டா என்று நாலு முறை தகராறு. மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வரும் பன்னிரண்டு தட்டுச் சீரில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் திருப்பித் தருவது என்று நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி எழுதி அடித்தாள். பெண்ணின் ரோஜா நிறப் பாவாடைக்குக் கரை தைத்தவளும் அவள்தான். ஆனால் அதை உடுத்திக்கொண்டு யாவென் எப்படி இருக்கிறாள் என்று இன்னும் தெரியாது. காலையிலேயே பக்கத்து வீட்டுப் பெண்கள் மாடிக்குப் போய் அலங்கரித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான். அந்த விரலில் மோதிரம் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அது நடக்காது என்று தெரிந்துகொண்டே ஆசைப்பட்டாள்.

மாப்பிள்ளையின் தாய் லியாவ் அம்மாள் நல்ல மனுஷிதான். போன மாதம் தொலைபேசியில் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, கடைசியில், சித்தி எந்த வருடத்தில் பிறந்தவர் என்று மெதுவாகக் கேட்டாள். கிம்ஹோங் சொன்னாள். லியாவ் அம்மாள், தாயின் நாற்காலி காலியாக இருந்தால் நன்றாக இருக்காதே என்று மட்டும் வருத்தத்தோடு சொன்னாள். அன்றே கிம்ஹோங் பழைய முகவரியைத் தேடி எடுத்து, தாயின் இடத்தில் உட்கார வரும்படி அக்காவுக்கு எழுதினாள். யாவென் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

திரை விலகியது. மேயிங் உள்ளே வந்தாள். சாம்பல் நிறப் பட்டு. மார்பில் 'தாய்' என்று எழுதிய சிவப்பு ரிப்பன் பூ. காலையில் அதைக் குத்திவிட்டது கிம்ஹோங்தான்.

"மாப்பிள்ளை கழுத்துல செயின் போடணுமாமே. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. கொக்கி மாட்டாது போலிருக்கு."

கிம்ஹோங் கையைத் துடைத்துக்கொண்டு சங்கிலியை வாங்கிக் கொக்கியைத் திறந்து காட்டினாள். நகத்தால் அழுத்து, பின்னால் நின்று போடு, அவசரப்படாதே. மேயிங் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். அப்புறமும் போகாமல் நின்றாள்.

"நீ ரெண்டு மாசம் முன்னாடி பிறந்திருந்தா மாடு வருஷம்."

"அதை அம்மாகிட்டல்ல கேக்கணும்."

"மாடுன்னே சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே, அக்கா. நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலின்னாக்கூட என் கண்ணுதான்னு தோணும். அதோட என்னால இருக்க முடியாது."

கூடத்திலிருந்து சாயம்மா அழைத்தாள். மேயிங் போனாள். திரை ஆடி நின்றது.

கோப்பைகள் தட்டில் உரசும் சத்தம். யாவென் மாப்பிள்ளை வீட்டாருக்கு இனிப்புத் தேநீர் கொடுக்கிறாள். ஆறு கோப்பை. கிம்ஹோங் ஒவ்வொன்றாக எண்ணினாள். நாற்காலி இரண்டு முறை தட்டியது, உட்கார்ந்துவிட்டாள். அடுத்தது மோதிரம்.

போன வாரம் இதே சமையல் மேசையில் திரைச்சீலை வளையத்தை வைத்து இருவரும் ஒத்திகை பார்த்திருந்தார்கள். மோதிரம் இரண்டாவது கணு வரைதான் ஏற வேண்டும்; முழுக்க ஏறிவிட்டால் காலம் முழுக்க அவன் சொன்னதுதான்; அதனால் விரலை மடக்கிக்கொள். யாவென் சிரித்துச் சிரித்து வளையத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"பாருங்க, பொண்ணு விரலை மடக்கிடுச்சு," என்று சாயம்மா கத்தினாள். "மாப்பிள்ளை, முதல் நாளே தோத்துட்டீங்க."

சிரிப்பு வீட்டைத் தூக்கியது. சமையலறையில் கிம்ஹோங்கும் தனியாகச் சிரித்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்தாள். காலை ஐந்து மணியிலிருந்து அப்போதுதான் உட்கார்கிறாள். கண்ணீர் வந்தது, சிப்பி நீர் பட்ட கையால் துடைக்க முடியாமல் அதை அப்படியே விட்டாள்.

திரைக்கு அப்பால் பட்டுத் துணி சரசரத்தது.

"சித்தி."

கிம்ஹோங் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வராதே. அங்கேயே நில்லு."

"முகத்தைக் காட்டல, சித்தி. கையை மட்டும் பாரு. கைக்கு ஒண்ணும் ஆகாது."

திரையின் ஓரத்தில் ஒரு கை உள்ளே வந்தது. மணிக்கட்டில், ஏழு வயதில் சிப்பி ஓடு கிழித்த தழும்பு. நடுவிரலின் கணுவில் மோதிரம் பாதியில் நின்றது.

"மீதியை நீ தள்ளிவிடு. அதுக்குத்தான் வந்தேன்."

கிம்ஹோங் எழுந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்; மறுபடியும் கழுவினாள். கிட்டே போனவள் மோதிரத்தைத் தொடவில்லை. தழும்பு இருந்த இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"நீயே தள்ளு, கண்ணு. நான் பாக்கறேன்."

திரையின் கீழிருந்து இன்னொரு கையும் வந்தது. இரண்டு விரல்கள் மோதிரத்தைப் பற்றி மெதுவாக அடிவரை தள்ளின. கிம்ஹோங் இமைக்கவே இல்லை. மேலே ஏறிய அந்தத் தங்க வட்டத்தையும், அதற்குப் பின்னால் நடுங்கிய நீலத் துணியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பக்கம் யாவென் அழுகையை அடக்கும் சத்தம் கேட்டது.

"மை கரைஞ்சிரும். போ," என்றாள் கிம்ஹோங்.

விருந்து மத்தியானம் இரண்டரை வரை நடந்தது. கடைசிப் பதார்த்தம் வருமுன் மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. யாரும் மறுபடி வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நிச்சயத்தன்று அப்படிச் சொன்னால் பெண்ணுக்கு இன்னொரு நிச்சயம் வரும் என்பார்கள். சிரித்துக்கொண்டிருந்த பந்தல் பேச்சில்லாமல் காலியானது. கார்க் கதவுகள் அடைபட்டன.

ரயில் நிலையம் வரை அவர்களோடு போகவிருந்த மேயிங், பெட்டியோடு சமையலறைக்கு வந்தாள். பின்வாசல் வழியாகப் போனால் கார் நிற்கும் இடம் பக்கம். மார்பிலிருந்த பூவைக் கழற்றி, சிப்பிக் கூடைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள்.

"அவ எங்கிட்ட கையைக் காட்டல," என்றாள்.

"நீ கூடத்துலதான இருந்தே. பாத்திருப்பியே."

"பாத்தேன்."

மேயிங் வாசலைத் தாண்டி நின்று திரும்பினாள். கண்கள் தங்கையின் முகத்திலேயே இருந்தன. "எனக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ வார்த்தைகளைக் கிம்ஹோங் இவளுக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். ஏன் வரவில்லை என்பது ஒன்று. வா என்பது ஒன்று. இரண்டுக்கும் இப்போது தெம்பில்லை. இரண்டாவதை இன்று சொல்லவும் முடியாது.

"இன்னைக்குச் சொல்லக் கூடாது, அக்கா."

மேயிங் தலையசைத்தாள். சந்தில் சிதறிக் கிடந்த சிப்பி ஓடுகள் அவள் காலடியில் நொறுங்கின. கல்யாணம் அடுத்த மாதம். அன்றும் தாயின் நாற்காலி காலியாக இருக்க முடியாது. நாளைக் காலையில் ஒசாகாவுக்குப் பேச வேண்டும். நாளை அந்த வார்த்தைக்குத் தடை இல்லை. ஓடு நொறுங்கும் சத்தம் தெருமுனையில் தேயும் வரை கிம்ஹோங் தாழ்ப்பாளில் கை வைத்து நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.