கித்தார் இல்லாத கேசட்

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் ஈப்போவில் எங்கள் ராக் குழுவில் நான்கு பேர் இருந்தோம். பாட்டுக் கட்டுவதும் கித்தார் வாசிப்பதும் என் அண்ணன். கார் பட்டறையில் அவரோடு வேலை செய்த கூட்டாளிகள் இருவர் பாஸ் கித்தாரும் டிரம்ஸும் வாசித்தார்கள். தங்கை நான் பாடினேன். அப்பா பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தோட்டம் துண்டாகி விற்றுப்போன பிறகு காலியாகக் கிடந்த ரப்பர் ஆலையில்தான் ஞாயிறுதோறும் பயிற்சி. டிரம்ஸ் அடித்தால் தகரச் சுவரெல்லாம் அதிரும். அந்த அதிர்வையும் சேர்த்தே அண்ணன் பாட்டுக் கட்டினார். ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டையில் மூழ்கிப்போன ஒருவனைப் பற்றிய பாட்டில், வார்த்தை முடிந்த பிறகும் கித்தார் நெடுநேரம் அழுதுகொண்டிருக்கும்.

கோலாலம்பூரில் ஒரு கேசட் கம்பெனி எங்களை ஆல்பம் போடக் கூப்பிட்டது. அவர்கள் மூன்று பேரும் பட்டறையில் லீவு சொன்னார்கள். வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நால்வரும் போனோம்.

ஸ்டூடியோவில் முதல் பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னார் கம்பெனிக்காரர். கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அண்ணனிடம் பொறுமையாகத்தான் பேசினார்.

"தம்பி, பாட்டு நல்லாருக்கு லா. ஆனா இந்தச் சத்தத்த வீட்ல போட்டுக் கேக்க மாட்டாங்க. இப்ப டிஸ்கோதான் ஓடுது."

மறுநாள் ஒரு கீபோர்டுக்காரர் வந்தார். கூடவே, தானாகத் தாளம் போடும் ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. டிரம்ஸைக் கழற்றி வேனுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்து பாஸ். கடைசியில் அண்ணனையும் வெளியே உட்காரச் சொன்னார்கள். கண்ணாடி அறைக்குள் நான் மட்டும். ஹெட்போனில் வந்த இசை எங்கள் பாட்டாகவே இல்லை. குட்டைக்குள் போனவனின் பாட்டு, கைதட்டி ஆடுகிற மாதிரி துள்ளிக்கொண்டு வந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். வெளியே ஓடிவந்து, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன்.

அவர் கித்தார் உறையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"நீ பாடும்மா. நீயும் வந்துட்டா நம்ம பாட்டுன்னு ஒண்ணுகூட மிஞ்சாது."

பாடினேன். கேசட் அட்டையில் என் படம் மட்டும் வந்தது.

ஈப்போவில் அது நன்றாக ஓடியது. தெலுக் இந்தான் போகிற பஸ்ஸில்கூடக் கேட்டதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா போட்டுக் காட்டுவார். அப்போது அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். குட்டைப் பாட்டை எங்கள் வழியிலேயே தொடங்கினோம். நாற்காலிகள் சலசலத்தன. மாப்பிள்ளையின் தோழன் மேடைக்கு வந்து அண்ணனின் காதருகே குனிந்தான்.

"அண்ணே, கேசட்ல இருக்கிற மாதிரி வாசிங்கண்ணே. இது வேற மாதிரி இருக்கு."

யாருடைய பாட்டையோ அண்ணன் தப்பாக வாசிக்கிறார் என்று நினைத்துவிட்டான். இந்தப் பாட்டைக் கட்டியதே இவர்தான் என்று சொல்ல வந்தேன். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார்.

அடுத்த ஞாயிறு ஆலைக்கு அவர் கேசட் பிளேயரோடு வந்தார். ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, கீபோர்டுக்காரர் வாசித்ததை ஒவ்வொரு சுரமாகத் தன் கித்தாரில் தேடினார். டிரம்ஸ்காரர் அந்தப் பெட்டியைப் போலவே ஏற்ற இறக்கம் இல்லாமல் அடிக்கப் பழகினார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாரிட் புந்தாரில் அடுத்த கல்யாணத்தில் அப்படியே வாசித்தோம். கூட்டம் எழுந்து ஆடியது. இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கத்தினார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். மறுபடியும் பாடினேன்.