என் மகள் மேல் எனக்கு வந்த பொறாமை

போன மாதம் தேரடித் தெரு ஹோட்டல் ஒன்றில், என் ஆறு வயது மகள் சாம்பார்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். என் கணவரின் வெள்ளைச் சட்டை பாழானது. சட்டென்று என் கைகள் என் முகத்தை மறைத்துக்கொண்டன.

அடி எதுவும் விழவில்லை. "சூடு பட்டுச்சா கண்ணு?" என்று கேட்டார் அவர்.

"இல்லப்பா. உன் சட்டைதான் பூரா சாம்பாரு!" என்று அவள் சிரித்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதில் நான் தண்ணீர் சிந்தினாலே என் அப்பா பெல்ட்டை உருவுவார். அடி வாங்கத்தான் நான் லாயக்கு என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன்.

"செல்லம் ஜாஸ்தியாயிடுச்சு இவளுக்கு!" என்று கத்திவிட்டேன். அவள் சிரிப்பு நின்றுபோனது.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். கணவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அவளப் பார்த்தா பொறாமையா இருக்குங்க. எங்கப்பா மாதிரி நீங்க அவள அடிக்கல இல்ல, அதான்."

அவர் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "நீயும் அப்ப இத்தினியூண்டுதானே இருந்திருப்ப" என்றார்.

மடியில் கிடந்தவளைப் பார்த்தேன். இவளை அடிக்க யாருக்குக் கை வரும்? அன்றுதான் முதன்முதலாக எனக்காக அழுதேன்.

அந்தப் பொறாமை இன்றும் வருகிறது. ஆனால், நான் கெட்ட பிள்ளை இல்லை என்று எனக்குச் சொன்னதே அதுதான்.